கார் ஸ்டியரிங்கை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி 800, ஆல்ட்டோ, ஜென், பழைய ஸ்விஃப்ட் போன்ற கார்களை வைத்திருப்பவர்கள் ஸ்டியரிங் தேய்ந்தோ கிழிந்தோ போனால் தாங்களே மாற்றிவிடலாமா என்று கேட்பதுண்டு. மாற்றலாம். ஸ்டியரிங்கைத் தண்டோடு பிடித்து வைத்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு நட் (சில கார்களில் போல்ட்). ஆனால் அந்த நட்டுக்கு முன்னால் ஏர்பேக் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து இது இரண்டு வேறு வேலைகளாகிவிடும். அந்த வித்தியாசம் புரியாமல் யாரும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் காரில் ஏர்பேக் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டியரிங்கின் நடுப்பகுதியில் ‘எஸ்.ஆர்.எஸ்’ அல்லது ‘ஏர்பேக்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால், மீட்டர் பலகையில் பலூனை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் ஆள் போன்ற சிவப்பு விளக்கு சில நொடிகள் எரிந்து அணையும். இந்த இரண்டும் இருந்தால் ஏர்பேக் இருக்கிறது.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். அதற்குப் பிறகு தயாரான கார் என்றால் சந்தேகமே வேண்டாம். அதற்கு முந்தைய கார்களில்தான் குழப்பம் வரும். ஒரே மாடலில் மேல் வேரியண்டில் ஏர்பேக் இருக்கும், கீழ் வேரியண்டில் இருக்காது. பழைய கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முன்பு விபத்தில் ஏர்பேக் வெடித்து, மேல் மூடியை மட்டும் மாட்டி விற்றிருக்கலாம். சாவியைத் திருப்பும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரியவே இல்லை என்றாலும், எரிந்து அணையாமல் நின்றாலும் ஏதோ கோளாறு இருக்கிறது.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

பாதிப் பேருக்குத் தேவையே இல்லை. நம் ஊர் வெயிலில் நிற்கும் கார்களில் ஸ்டியரிங்கின் மேல்பூச்சு சில வருடங்களில் பிசுபிசுக்கத் தொடங்கும். பாலியூரித்தேன் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைவதால் வருவது இது. எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வரும். ஆனால் உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நல்ல சீட் கவர் கடையில் கொடுத்தால் தோல் வைத்து ஊசி நூலால் தைத்துக் கொடுப்பார்கள். ஏர்பேக்கைத் தொடவே வேண்டாம். இதுதான் முதலில் யோசிக்க வேண்டிய வழி.

மாட்டிக் கழற்றும் ரெடிமேட் உறை வாங்குவதானால் இறுக்கமாகப் பிடிப்பதை மட்டும் வாங்குங்கள். வளைவில் திருப்பும்போது உறை கையோடு சுழன்று சக்கரம் திரும்பாமல் போனால் அது ஆபத்து.

சட்டம் வளைந்திருந்தாலோ, வளையத்தில் விரிசல் தெரிந்தாலோ, தண்டில் பொருந்தும் நடுப்பகுதியின் உள்பற்கள் தேய்ந்து ஆட்டம் கொடுத்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். ஆட்டம் என்றதும் ஸ்டியரிங்கைக் குறை சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் அது கீழே, முன் சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளின் முனையான டை ராட் எண்ட், ஜாயிண்ட், ஸ்டியரிங் பாக்ஸ் இவற்றில்தான் இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி, ஸ்டியரிங்கில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது என்கிறது. என் கருத்தில் அதுவே ரொம்பத் தாராளமான அளவு. ஒரு நல்ல காரில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் ஆட்டம் தெரிந்தாலே ஷெட்டில் காட்டுங்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

பேட்டரி டெர்மினலுக்கு 10 நம்பர் ஸ்பானர். நடு நட்டுக்குச் சாக்கெட்டும் நீளக் கைப்பிடியும்: மாருதி கார்களில் பெரும்பாலும் 17 நம்பர், வேறு கம்பெனிகளில் 19-ம் வரும். தட்டை முனை, ஸ்டார் முனை ஸ்க்ரூ டிரைவர்கள். ஏர்பேக் காரென்றால் டி-30 டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர வடிவ) முனை தேவைப்படலாம். அடையாளம் வைக்க வெள்ளை பெயிண்ட் மார்க்கர். இறுகிய ஸ்டியரிங்கைத் தண்டிலிருந்து இழுத்து எடுக்கும் ஸ்டியரிங் புல்லர். கடைசியாக டார்க் ரெஞ்ச், அதாவது குறித்த அளவு பலத்தில் இறுக்க உதவும் ஸ்பானர். இதை மட்டும் இரவலாவது வாங்கிக்கொள்ளுங்கள், குத்துமதிப்பாக இறுக்குகிற இடம் இதுவல்ல.

ஏர்பேக் இல்லாத காரில் எப்படிக் கழற்றுவது?

காரைச் சமதளத்தில் நேராக ஓட்டி வந்து, சக்கரங்கள் நேராக இருக்கும்போதே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்குவது வேறு, நேராக ஓடிவந்து நிற்பது வேறு. இரண்டாவதுதான் சரியான நிலையைக் காட்டும். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். ஏர்பேக் இல்லாவிட்டாலும் இதைச் செய்வது நல்லது. இல்லாவிட்டால் வேலை முழுக்க ஹாரன் அலறும்.

அடுத்து நடு மூடி, அதாவது ஹாரன் பட்டன். சில கார்களில் விளிம்பில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து மெதுவாக நெம்பினால் வந்துவிடும். சிலவற்றில் ஸ்டியரிங்கின் பின்பக்கம் இரண்டு மூன்று ஸ்க்ரூ இருக்கும். நெம்பி வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், பின்னால் குனிந்து பாருங்கள். பழைய பிளாஸ்டிக் எளிதில் உடையும். ஸ்க்ரூ டிரைவர் முனையில் துணி சுற்றிக்கொண்டால் கீறல் விழாது.

மூடிக்குக் கீழே ஹாரன் கம்பி ஒன்று வரும், அதன் முனையைப் பிடுங்கிவிடுங்கள். இப்போது நட் தெரியும். நட்டைத் தொடுவதற்கு முன், தண்டின் முனையிலிருந்து ஸ்டியரிங்கின் நடுப்பகுதி வரை ஒரே நேர்கோடாகப் பெயிண்ட் மார்க்கரால் கோடு போடுங்கள். பழைய ஸ்டியரிங்கையே திரும்ப மாட்டும்போது இந்தக் கோடு போதும். புதியது மாட்டும்போது, தண்டில் இருக்கும் பாதிக் கோடுதான் வழிகாட்டி. போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நட்டைத் தளர்த்தும்போது ஒரு கையால் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். சாவியை எடுத்துவிட்டு ஸ்டியரிங் லாக் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். திருட்டைத் தடுக்க வைத்த சின்ன ஆணி அது. நட்டின் முழு பலமும் அதில் விழுந்தால் உடையலாம். உடைந்த லாக் எப்போது சிக்கிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

நட்டை முழுவதும் கழற்றிவிடாமல், இரண்டு மூன்று மரை மிச்சம் இருக்கும்படி தண்டிலேயே விடுங்கள். இதை யாரும் மறக்கக் கூடாது. ஸ்டியரிங் பிடி விடும்போது ஒரே இழுப்பில் வந்து முகத்தில் மோதும். நட் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பிறகு இரு கைகளால் வளையத்தைப் பிடித்து, மேலும் கீழும் மாற்றி மாற்றி அசைத்தபடி உங்கள் பக்கம் இழுங்கள். ‘டக்’ என்று தளர்ந்ததும் நட்டைக் கழற்றி வெளியே எடுக்கலாம்.

எவ்வளவு இழுத்தாலும் வரவில்லையே, சுத்தியலால் தட்டலாமா?

கூடாது. இன்றைய கார்களில் ஸ்டியரிங் தண்டு விபத்தில் மடங்கி உள்ளே போகும்படி செய்யப்பட்டது, ஓட்டுநரின் மார்பில் குத்தாமல் இருக்க. தண்டின் முனையில் ஓங்கி அடித்தால் அந்த மடங்கும் பகுதி இப்போதே நெகிழ்ந்துவிடலாம். தண்டின் மரையும் நசுங்கும். மின்சார பவர் ஸ்டியரிங் உள்ள கார்களில் சென்சார்களும் அதே தண்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இதற்குத்தான் புல்லர். பல ஸ்டியரிங்குகளின் நடுப்பகுதியில் புல்லர் போல்ட்டுக்கென்றே இரண்டு மரை ஓட்டைகள் இருக்கும். போல்ட்டுகளை நாலைந்து மரை மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் பின்பக்கம் வந்து, அங்கே உள்ள பிளாஸ்டிக் பாகங்களைத் துளைத்துவிடும். துருப்பிடித்திருந்தால் பற்களின் மேல் துருநீக்கி எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள்.

நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

கார் கார் மாறும். பொதுவாக 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்தான் சரி. குறைந்தால் தளரும். அதிகமானால் மரை போகும். சில கம்பெனிகள் ஒவ்வொரு முறையும் புது போல்ட் போடச் சொல்கின்றன, அப்படியானால் புதுசு போடுங்கள். ஸ்டியரிங் போல்ட்டில் காசை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

மாட்டிய பிறகு ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது. என்ன செய்வது?

கோணல் எவ்வளவு என்று பாருங்கள். தண்டில் 36 பற்கள் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. கோணல் ஏறத்தாழ அந்த அளவு என்றால், ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறீர்கள். கழற்றி ஒரு பல் நகர்த்தி மாட்டினால் சரியாகிவிடும். அதைவிடக் குறைவான கோணலைப் பல் நகர்த்தித் தீர்க்க முடியாது. அலைன்மென்ட் கடையில் இரண்டு பக்க டை ராடையும் சமமாகத் திருப்பிச் சரிசெய்வார்கள்.

கழற்றுவதற்கு முன்பே ஸ்டியரிங் கோணலாக இருந்திருந்தால் அதைப் பல் மாற்றி மறைக்காதீர்கள். அலைன்மென்ட் கெட்டிருப்பதுதான் அங்கே நோய். பல்லை மாற்றினால் பார்க்க நேராக இருக்கும். ஆனால் இடப்பக்கம் ஒரு அளவும் வலப்பக்கம் ஒரு அளவுமாகத் திரும்பும். டயர் தேய்வதும் நிற்காது. ஏர்பேக் காரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும், அது கிளாக் ஸ்பிரிங் கேள்வியில் வருகிறது.

சில கார்களில் ஒரு பல் மட்டும் அகலமாக இருக்கும், ஸ்டியரிங் ஒரே நிலையில்தான் ஏறும். அந்தக் காரில் இந்தத் தொல்லையே இல்லை.

ஹாரன் அடிக்கவில்லை, இண்டிகேட்டர் தானாகத் திரும்பவில்லை. ஏன்?

பழைய கார்களில் ஸ்டியரிங்கின் பின்னால் ஒரு பித்தளை வளையமும், அதைத் தொட்டபடி ஸ்பிரிங் வைத்த சின்ன முனையும் இருக்கும். ஹாரனுக்கான மின்தொடர்பு அதன் வழியாகத்தான். முனை வளைந்திருந்தாலோ வளையத்தில் களிம்பு ஏறியிருந்தாலோ ஹாரன் பேசாது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துளி கிரீஸ் வையுங்கள். ஹாரன் நிற்காமல் அடித்தால், கம்பி எங்கோ உலோகத்தில் உரசுகிறது.

இண்டிகேட்டரைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் நாக்கும் பல கார்களில் ஸ்டியரிங்கின் பின்பக்கம்தான். மாட்டும்போது அது தன் குழியில் உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். கோணலாக வைத்து நட்டை முறுக்கினால் உடைந்துவிடும்.

ஏர்பேக் உள்ள காரில் நானே செய்யலாமா?

கம்பெனி மேனுவல் கையில் இருந்து, அதில் சொன்னதை வரிக்கு வரி செய்கிறவர் என்றால் செய்யலாம். கொஞ்சம் தயக்கம் இருந்தாலும் ஏர்பேக்கைக் கழற்றி மாட்டுவதை மட்டும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள் என்பேன். மடக்கிய பையை, கண் சிமிட்டுவதற்குள் விரித்துவிடும் வெடிமருந்து அதில் இருக்கிறது. சாதாரணமாக ஓட்டும்போதே ஓட்டுநரின் மார்புக்கும் ஏர்பேக்குக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறார்கள். கழற்றும்போது நம் முகமும் கையும் அதைவிடப் பக்கத்தில் இருக்கும்.

சக்கரத்தை நேராக்கி, சாவியை லாக் நிலைக்குத் திருப்பி எடுங்கள். பேட்டரி நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, திரும்ப டெர்மினலில் பட்டுவிடாதபடி துணி சுற்றித் தள்ளி வையுங்கள். பிறகு காத்திருக்க வேண்டும். விபத்தில் பேட்டரி அறுந்தாலும் ஏர்பேக் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். ஒரு கம்பெனி 90 விநாடி என்கிறது, இன்னொன்று 3 நிமிடம் என்கிறது. மேனுவல் குறைவாகச் சொன்னாலும் 10 நிமிடமாவது விடுங்கள். அந்த நேரத்தில் காரின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னை இறக்கிவிடுங்கள்.

ஏர்பேக்கைப் பிடித்திருப்பது சில கார்களில் ஸ்டியரிங்கின் பின்பக்கத்தில் இரண்டு டார்க்ஸ் ஸ்க்ரூ. வேறு சிலவற்றில் பின்னால் சின்ன ஓட்டைகள் இருக்கும், அதில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து ஸ்பிரிங்கைத் தள்ளினால் விடுபடும். மெதுவாக முன்னால் இழுத்தால் பின்னால் மஞ்சள் நிற கனெக்டர் தெரியும். அதன் பூட்டை முதலில் தூக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். கனெக்டர் பிரிந்ததும் உள்ளே இருக்கும் சின்னத் தகடு ஏர்பேக்கின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, தவறி மின்சாரம் பாயாமல் தடுக்கும். அதனால் அந்த முனையில் கம்பி, ஊசி எதையும் நுழைக்கக் கூடாது. மல்டி மீட்டர் வைத்து அளக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரம்கூட ஏர்பேக்கை வெடிக்கவைக்கலாம்.

ஏர்பேக்கைத் தூக்கிச் செல்லும்போது மூடிப் பக்கம் உங்களிடமிருந்து விலகி இருக்கட்டும். கீழே வைக்கும்போது மூடிப் பக்கம் வானம் பார்த்து இருக்கட்டும். கவிழ்த்து வைத்த ஏர்பேக் வெடித்தால் அந்த உலோகப் பெட்டி முழுவதும் எம்பிப் பறக்கும். வெயிலிலோ குழந்தைகள் நடமாடும் இடத்திலோ வைக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு நட், கோடு, புல்லர் எல்லாம் முன்பு சொன்னபடியே. திரும்ப மாட்டி முடித்ததும் முதலில் மஞ்சள் கனெக்டர் ‘கிளிக்’ என்று உட்கார்ந்ததா, அதன் பூட்டு இறங்கியதா என்று பாருங்கள். பேட்டரியைக் கடைசியாக இணையுங்கள். இணைக்கும்போது காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. முதல் முறை சாவியைத் திருப்பும்போதும் ஸ்டியரிங்குக்கு நேராக உட்காராமல், பக்கவாட்டிலிருந்து கை நீட்டித் திருப்புங்கள்.

கிளாக் ஸ்பிரிங் என்கிறார்களே, அது என்ன?

ஸ்டியரிங் சுழலும், தண்டைச் சுற்றியுள்ள உறை சுழலாது. இரண்டுக்கும் நடுவே ஏர்பேக், ஹாரன், ஆடியோ பட்டன்கள் ஆகியவற்றின் மின்தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க, ஒரு தட்டையான நாடாக் கம்பியைச் சுருட்டி வட்டமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். அதுதான் கிளாக் ஸ்பிரிங். இரு பக்கமும் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று சுற்றுதான் அதற்கு இடம். நடுநிலை தவறி மாட்டினால், முதல் முறை முழுவதும் வளைக்கும்போதே நாடா அறுந்துவிடும். அறுந்தால் ஹாரனோடு ஏர்பேக்கும் போயிற்று.

அதனால் ஸ்டியரிங் கையோடு வந்த உடனே, கிளாக் ஸ்பிரிங் சுழலாதபடி மேலே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவும் விடாதீர்கள். சுழன்றுவிட்டால், மெதுவாக ஒரு பக்கம் தடை வரும் வரை திருப்புங்கள், பலம் வேண்டாம். அங்கிருந்து மறுபக்கத் தடை வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியைத் திரும்பி வந்தால் நடுநிலை. பெட்டியின் மேல் அம்புக்குறி இருக்கும், இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். முன் சக்கரங்களும் அப்போது நேராக இருக்க வேண்டும்.

ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) போட்டு அணைத்துவிடலாம் என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். ஏர்பேக் இருப்பதுபோல் காரை ஏமாற்றும் வேலை அது. விளக்கு அணையும், ஆனால் மோதும்போது ஒன்றும் விரியாது. அடுத்து அந்தக் காரை வாங்குகிறவருக்கு அது தெரியவும் தெரியாது. கனெக்டர் சரியாக உட்காராததும் கிளாக் ஸ்பிரிங் அறுந்ததும்தான் வழக்கமான காரணங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார்.

வழுக்கலைத் தடுக்கும் ஈ.எஸ்.சி. வசதி உள்ள கார்களில் ஸ்டியரிங் கோண சென்சாரையும் சிலவேளை ஸ்கேனர் வைத்து மறுபடி நடுநிலைப்படுத்த வேண்டியிருக்கும்.

ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் போடலாமா?

ஏர்பேக் காரில் கூடாது. அழகுக்காக ஏர்பேக்கைத் தூக்கி எறிவது எனக்கு ஏற்க முடியாத விஷயம். சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் சேர்ந்து வேலை செய்யும்படி அமைத்த காரில், ஒன்றை எடுத்தால் மற்றதன் கணக்கும் மாறிவிடும்.

ஏர்பேக் இல்லாத காரில் போடலாம். உங்கள் காரின் பற்களுக்குப் பொருந்தும், தண்டுக்கும் புது ஸ்டியரிங்குக்கும் இடையே வரும் ஹப் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். ஓட்டை அளவைப் பார்த்து வாங்குங்கள்: மோமோ, ஸ்பார்கோ வகை என்றால் ஆறு போல்ட்டுகள் 70 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும், நார்டி வகை என்றால் 74 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. ஓட்டையை ராவிப் பெரிதாக்கி மாட்டக் கூடாது. பிரபல பெயர் ஒட்டிய போலிகள் சந்தையில் ஏராளம். மெல்லிய தகட்டுச் சட்டம் மோதலில் மடங்கி ஓட்டுநரைக் குத்தும்.

விட்டமும் முக்கியம். பவர் ஸ்டியரிங் இல்லாத மாருதி 800-ல் 380 மில்லிமீட்டர் ஸ்டியரிங்கை எடுத்துவிட்டு 350 போட்டால், திருப்ப ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதல் பலம் வேண்டும். ஓடும்போது தெரியாது. பார்க்கிங்கில் தோள் சொல்லும். சின்ன வளையம் ஸ்பீடோ மீட்டரை மறைக்கிறதா என்றும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாக மார்க்கெட்டில் வாங்கலாமா?

ஏர்பேக் இல்லாத வெறும் ஸ்டியரிங் என்றால் தாராளமாக. அதே மாடல், அதே வருட வரிசையிலிருந்து எடுங்கள். தரையில் படுக்க வைத்துப் பாருங்கள், வளையம் எங்காவது எழும்பி நின்றால் அது விபத்துக் காரிலிருந்து வந்தது, வேண்டாம். உள்பற்களில் விரலை ஓட்டிப் பாருங்கள், கூர்மை இருக்க வேண்டும்.

ஏர்பேக்கை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். அது எந்தக் காரிலிருந்து வந்தது, தண்ணீரில் மூழ்கியதா, எத்தனை வருடம் வெயிலில் கிடந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில், உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகச் சில்லுகளை ஓட்டுநர் மேல் பாய்ச்சின. உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் திரும்பப் பெற வேண்டியிருந்தது, அந்த நிறுவனமே 2017 ஜூனில் திவாலானது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் கடற்கரை ஊர்களில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. உங்கள் காரின் சேசிஸ் எண்ணைக் கொண்டு, ஏர்பேக்குக்காகத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேளுங்கள். இருந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

சட்டப்படி சிக்கல் வருமா?

அதே மாதிரியான கம்பெனி ஸ்டியரிங்கை மாற்றுவது பழுதுபார்ப்புதான். காரின் அமைப்பையே மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. ஏர்பேக்கை எடுக்கச் சொல்கிற கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

வேலை முடிந்தது. எப்படிச் சோதிப்பது?

கார் நின்றபடியே, என்ஜினை ஓடவிட்டு இரு பக்கமும் கடைசி வரை மெதுவாகத் திருப்புங்கள். எங்கும் உரசல், இறுக்கம், ‘கடக்’ சத்தம் வரக் கூடாது. இரு பக்கமும் சம அளவு திரும்ப வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்து உங்கள் பக்கமும் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், அசையவே கூடாது. ஹாரன், இரு பக்க இண்டிகேட்டர், ஆடியோ பட்டன்கள், சாவி எடுத்ததும் லாக் விழுகிறதா, எல்லாவற்றையும் பாருங்கள்.

பிறகு ஆளில்லாத தெருவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். நேராகப் போகும்போது ஸ்டியரிங் நேராக நிற்கிறதா? வளைந்து முடித்ததும் தானாக நடுவுக்கு வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நெடுஞ்சாலைக்குப் போகலாம். ஒரு வாரம் ஓட்டியபின் ஏர்பேக் இல்லாத காரில் நடு மூடியைத் திறந்து, நட்டில் டார்க் ரெஞ்சை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். ஏர்பேக் காரில் அதற்காக மறுபடி திறக்க வேண்டாம். ஆட்டமோ சத்தமோ தெரிந்தால் மட்டும் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.